நாலே படம்: ஜான் ஆபிரகாமுக்கு எதற்கு இத்தனை பேச்சு?

ஜூன் 3, மாலை. கேட்டவர் எழுதியது:

ஜான் ஆபிரகாம் மொத்தமாக எடுத்தது நாலு படம். தமிழில் ஒன்றே ஒன்று. இன்றைக்கு வெப் சீரிஸ் எடுக்கிற பையன் மூணு வருஷத்தில் இதைவிட அதிக நிமிஷம் எடுத்துத் தள்ளுகிறான். இந்த மனிதருக்கு மட்டும் ஏன் இத்தனை பில்டப்? தாடி, குடி, அலைச்சல், அகால மரணம். இதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 3, இரவு

முதலில் ஒரு எச்சரிக்கை. பேரை மட்டும் போட்டுத் தேடினால் பைக் ஓட்டும் இந்தி நடிகர்தான் வந்து நிற்பார். அவர் வேறு. நாம் பேசுவது கேரளத்துக் குட்டநாட்டுக்காரரான இயக்குநரைப் பற்றி.

நாலு படம் என்பதில் தகராறு இல்லை. வித்யார்த்திகளே இதிலே இதிலே (1972), அக்ரஹாரத்தில் கழுதை (1977), செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்கள் (1979), அம்ம அறியான் (1986). பேர் போடுகிற இடத்தை மறைத்துவிட்டு நாலையும் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நாலு பேர் எடுத்தது என்பார். முதலாவதில் நட்சத்திரங்களும் பாட்டும் உண்டு. அடுத்தது வேற்று மொழி. மூன்றாவதில் காமெடி நடிகர் நாயகன். கடைசிப் படம் தெருத்தெருவாகக் காசு வாங்கி எடுத்தது.

குடியை வைத்து இதில் எதையும் விளக்க முடியாது. ஒவ்வொரு முறையும் காசு யாருடையது என்று பாருங்கள், ஓரளவு பிடிபடும். என் கட்சி அவ்வளவுதான். நாளைக்கு விரிவாக.

ஜூன் 4, காலை

எல்ஐசியை விட்டுவிட்டேனே. 1937-இல் பிறந்தவர், படிப்பு முடித்து பெல்லாரியில் எல்ஐசி உத்தியோகம் பார்த்தார். அதை உதறிவிட்டுத்தான் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அறுபதுகளில் எல்ஐசி வேலை என்றால் பெண் வீட்டார் வீடு தேடி வருவார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு சினிமா படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பையனுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை என் சொந்த அனுபவத்தில் அறிவேன். எங்கள் அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்" என்றுதான் சொல்கிறார். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கம்ப்யூட்டரில்தான் செய்கிறேன், அம்மா சொல்வது பொய்யில்லை.

புனேயில் வாத்தியார் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக். கொஞ்ச காலம்தான் அங்கே இருந்தார், ஆனால் மணி கௌல், குமார் சஹானி, ஜான் என்று அவர் கையால் குட்டுப்பட்ட வரிசை பெரியது. மூவரும் மூன்று திசையில் போனார்கள். ஜான் முதலில் மணி கௌலின் உஸ்கி ரோட்டியில் (1969) உதவியாளராக வேலை பார்த்தார். படத்தை ஆமை வேகம் என்று திட்டாத ஆள் குறைவு. அங்கே வேலை கற்றவர் அடுத்து எடுத்தது பள்ளிக்கூடப் பையன்கள் ஓடிப்பிடித்து ஆடும் படம்!

ஜூன் 4, இரவு

"முதல் படம் வணிகப் படம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று ஒருவர் சொல்கிறார். சேர்க்கணும்.

மது, ஜெயபாரதி, அடூர் பாசி என்று மலையாளத்தில் அன்றைக்குச் சந்தையில் இருந்த முகங்கள். இசை எம்.பி. சீனிவாசன். கேமரா ராமச்சந்திர பாபு, அவருக்கும் இதுதான் முதல் படம். கதை என்ன தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது பள்ளி நிறுவனரின் சிலை உடைந்துவிடுகிறது. நஷ்டத்தைக் கட்டப் பிள்ளைகளே காசு சேர்க்கக் கிளம்புகிறார்கள்.

காசு சேர்க்கும் கூட்டத்தைப் பற்றிப் படம் எடுத்த ஆள், பதினான்கு வருஷம் கழித்துக் காசு சேர்க்கும் கூட்டத்தை வைத்தே படம் எடுத்தார். தற்செயல் என்றும் சொல்லலாம், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஆள் சுமப்பதைப் பலர் சுமந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்குள் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது.

ஜூன் 6

கழுதைக்கு வருவோம். நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையும் திரைக்கதையும் வெங்கட் சாமிநாதன். 'எழுத்து' பத்திரிகையில் கிளம்பி, தமிழ் எழுத்தாளர்கள் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்ட விமர்சகர். நடித்தது எம்.பி. சீனிவாசன், ஆம், இசையமைப்பாளரேதான். கேமரா மறுபடி ராமச்சந்திர பாபு. ஒரு மலையாளக் கிறித்தவர் தமிழ் அக்ரஹாரத்தைப் பற்றி எடுத்த படம். எழுதியவரோ அந்தச் சமூகத்திலேயே பிறந்தவர். படத்தைத் திட்டினவர்கள் எடுத்தவர் யார் என்பதை உரக்கச் சொல்வார்கள், எழுதியவர் யார் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

பேராசிரியர் நாராயணசாமி தாயில்லாக் கழுதைக்குட்டி ஒன்றைப் பட்டணத்தில் வளர்க்கிறார். கேலி தாங்காமல் ஊருக்குக் கொண்டுபோய் அக்ரஹாரத்தில் அப்பா அம்மாவிடம் விடுகிறார். அங்கே அதைப் பார்த்துக்கொள்வது பேச முடியாத உமா என்ற பெண். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதை மேல். கோயில் வாசலில் இறந்த சிசு கிடக்கிறது, அதற்கும் கழுதைதான் பொறுப்பு. அடித்துக் கொல்கிறார்கள். பிறகு ஊரில் நல்லது நடக்க ஆரம்பித்ததும் அதே கழுதைக்குக் கோயில் கட்டப் பேசுகிறார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம், கழுதையை யாரும் 'நடிக்க' வைக்கவில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது, காதை ஆட்டுகிறது, எங்கேயோ பார்க்கிறது. சுற்றி நிற்கும் மனிதர்கள்தான் அதன் முகத்தில் அர்த்தம் தேடி அலைகிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோன் 1966-இல் ஒரு கழுதையை வைத்து எடுத்த படத்தின் தாக்கம் இதில் உண்டு என்பார்கள், உண்டுதான். ஆனால் பிரெஸ்ஸோனின் கழுதை பாடுபட்டுச் சாகிறது, யாரும் கோயில் கட்டப் போவதில்லை. அடித்துக் கொன்றுவிட்டுப் பொங்கல் வைப்பது நம்ம ஊர்ச் சரக்கு. நம் கிராமங்களில் பாதிக் காவல் தெய்வங்களின் கதை இதுதானே. கொன்ற பயத்தில் கும்பிடுவது. இதை அக்ரஹாரத்துக்குள் கொண்டுபோய் வைத்ததுதான் வெ.சா.வும் ஜானும் செய்த குறும்பு.

1977-க்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் இதுதான். விருது வாங்கிய படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டது. தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் வாயையே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது நாலு பேர் போய்ப் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 6, பின்னிரவு

தூக்கம் வராமல் யோசித்தது. அதே படத்தை இன்றைக்கு எடுத்தால் கழுதைக்கே முன் அனுமதி வாங்கணும். விலங்கை வைத்துப் படம் பிடிக்க விலங்குகள் நல வாரியத்திடம் போக வேண்டும் என்பது 2001 விதி. எந்தக் காட்சி, என்ன செய்யும், மருத்துவர் சான்று எங்கே என்று ஏகப்பட்ட காகிதம். "கழுதை: ஒன்று. செய்யும் வேலை: சும்மா நிற்பது" என்று விண்ணப்பத்தில் எழுதலாம். ஒரு குறும்படத்தில் நாய் ஒன்று வாசலில் படுத்திருக்கும் ஷாட்டுக்கே நாங்கள் பின்வாங்கி, நாயை வெட்டிவிட்டுக் குரைப்புச் சத்தத்தை மட்டும் போட்டோம்.

ஜூன் 7

மூன்றாவது படத்தைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் இடம்.

அடூர் பாசி என்றால் மலையாளிகளுக்குச் சிரிப்பு. அவரைப் பிடித்துச் செறியாச்சன் என்ற குட்டநாட்டு நிலக்காரராகப் போட்டார் ஜான். விவசாயக் கூலிகள் கொல்லப்படுவதைப் பார்த்துவிட்ட ஆள். அவர் எதுவும் செய்யவில்லை, அதுதான் அவருடைய குற்றம். போலீஸ் தன்னைப் பிடிக்க வருகிறது என்ற பயம் மெல்லப் பித்தாகிறது, கடைசியில் தென்னை மரத்தில் ஏறிக்கொள்கிறார். தென்னை உச்சியில் தொப்பையோடு தொங்கும் ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரவேண்டும். வாய் கொஞ்சம் விரியும், அதற்குள் பாசியின் கண்ணைப் பார்த்துவிடுவோம், விரிந்த வாய் அப்படியே நின்றுவிடும். அந்த வருஷம் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது பாசிக்கு.

நம்ம பக்கம் நாகேஷிடம் இந்தப் பக்கத்தைக் கண்டுகொண்டவர்கள் உண்டு. ஆனால் அவருக்குத் தேசிய விருது வர 1994 படம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் துணை நடிகர் விருது.

ஜானின் அப்பன் பாட்டன் ஊர் குட்டநாடு. சொந்த ஊரின் நிலக்காரர்களைப் பற்றிய படம். கழுதையைப் பார்த்து "எங்கள் ஆட்களைக் கேலி செய்துவிட்டான்" என்று கோபப்பட்டவர்கள் இதைப் பார்த்தால் மனம் ஆறலாம். அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை.

ஜூன் 9

"1979-க்கும் 1986-க்கும் நடுவில் ஏழு வருஷம் என்ன செய்தார், குடித்தாரா?" கேட்டவருக்கு விடாப்பிடி ஜாஸ்தி.

குடித்தார். சிறுகதைகளும் எழுதினார், மலையாளத்தில் தொகுப்பாக வந்திருக்கிறது. தெருநாடகம் போட்டார். வட கேரளத்துக் கையூர் கிராமத்தின் கதையைப் படமாக்கக் கிளம்பி, அது எடுக்கப்படாமலே நின்றது. கையூர் என்றதும் நம்மில் சிலருக்கு நினைவு வரும், நிரஞ்சனாவின் கன்னட நாவல், தமிழில் 'நினைவுகள் அழிவதில்லை'. 1943 மார்ச்சில் நாலு விவசாயத் தோழர்களைத் தூக்கில் போட்ட கதை. பின்னால் 1986-இல் லெனின் ராஜேந்திரன் அதே சம்பவத்தை வேறு படமாக எடுத்தார்.

எடுக்காத படத்துக்கும் உழைப்பு உண்டு என்பது இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவே புரியாது. நான் ஒரு இயக்குநரிடம் உதவியாளராக இருந்தேன். லொக்கேஷன் பார்த்தாச்சு, ஷெட்யூல் போட்டாச்சு, கன்டினியூட்டி நோட்டில் முதல் பக்கத்தில் மஞ்சள் குங்குமம்கூட வைத்தாச்சு. தயாரிப்பாளர் போனை எடுப்பதை நிறுத்தினார். பேட்டா வரவில்லை. "சும்மாதானே இருந்தே" என்றார்கள் வீட்டில். அந்தத் திரைக்கதையின் ஒவ்வொரு சீனும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

ஜூன் 10

ஒடேசா.

1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்கள் கூடி ஒடேசா என்ற குழுவை அமைத்தார்கள். தயாரிப்பாளர் வேண்டாம், மக்களிடமே காசு வாங்கிப் படம் எடுப்போம், டிக்கெட் இல்லாமல் அவர்களுக்கே போட்டுக் காட்டுவோம். சொன்னால் கனவு மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர்கள் செய்த வேலை கனவுக்காரர்கள் செய்வது இல்லை. சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார்கள், நாடகம் போட்டார்கள், கூடியவர்களிடம் கை நீட்டினார்கள். சாப்ளின் சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. சிரித்து அழுது முடித்த கூட்டத்திடம் கேட்டால் சட்டைப் பைக்குள் கை போகும். அம்ம அறியான் அப்படி வந்தது. கேமரா வேணு, எடிட்டிங் பீனா பால், முக்கிய வேடத்தில் ஜாய் மேத்யூ. இதே ஜாய் மேத்யூதான் 2012-இல் 'ஷட்டர்' எடுத்தவர்.

கதையும் காசு சேர்த்த மாதிரியேதான் நடக்கிறது. டெல்லிக்குக் கிளம்பிய புருஷன் என்ற இளைஞன் வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். முகம் தெரிந்த முகம். யார் என்று கண்டுபிடித்து, அந்தப் பையனின் அம்மாவிடம் சேதி சொல்லப் போகிறான். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருவர் சேர்ந்துகொள்கிறார்கள். வயநாட்டிலிருந்து கொச்சி சேர்வதற்குள் கூட்டமாகிவிடுகிறது. ரசீதுப் புத்தகத்தோடு அவர்கள் அலைந்த கேரளத்தில்தான் படமும் அலைகிறது. வேறு யார் காசில் எடுத்திருந்தாலும் இந்தப் படம் இப்படி வந்திருக்காது. ஒரு தயாரிப்பாளர் இருந்திருந்தால் "எத்தனை பேரைத்தான் நடக்கவிடுவே, ரெண்டு பேர் போதும்" என்று சொல்லியிருப்பார்.

ஜூன் 10, இரவு

எங்கள் கதையையும் கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஒடேசாவைப் படித்த சூட்டில் நானும் நண்பர்களும் ரசீதுப் புத்தகம் அடித்துக்கொண்டு கிளம்பினோம். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிய ஆவணப்படம். பேருந்து நிலையத்தில் டீக்கடை மாஸ்டர் பத்து ரூபாய் கொடுத்தார். ரசீது வேண்டாம் என்பார் என்று நினைத்தோம், "கிழிச்சுக் குடு தம்பி" என்று வாங்கி, பின்பக்கம் தேதி எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

அதற்கப்புறம் அந்தக் கடை வழியாகப் போக முடியவில்லை. "படம் என்னாச்சு?" ஆற்றிக்கொண்டிருக்கும் டீயை நிறுத்தாமல் கேட்பார். பெரிய தொகை போட்டவர் ஒருவர் இருந்தார், அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். படத்தை முடித்ததற்கு அவர்தான் காரணம். திரையிட்ட அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். முடிந்ததும் "கொஞ்சம் நீளம்" என்றார். நீளம்தான்.

ஜூன் 11

"அதைத்தானே இன்றைக்கு க்ரவுட் ஃபண்டிங் என்கிறார்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இணையத்தில் காசு போடுகிறவர் ஏற்கெனவே சினிமா பிடித்தவர். உங்கள் முகநூல் நண்பர், அல்லது அவருடைய நண்பர். ஒடேசாக்காரர்கள் காசு வாங்கியது சினிமாக் கோட்பாடு எதுவும் தெரியாதவர்களிடம். இன்னொன்று, ஐந்நூறு கொடுத்தால் நன்றி அட்டையில் பெயர், ஐயாயிரம் கொடுத்தால் இயக்குநரோடு காபி என்ற பேச்சே கிடையாது. படம் வந்தால் உன் ஊருக்கு வரும், அவ்வளவுதான் பேரம். அந்தப் பேரத்தைக் காப்பாற்ற மறுபடி புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகணும். போனார்கள்.

ஜூன் 12

"தமிழில் இப்படி ஒன்றும் நடந்ததில்லை" என்று யாரோ ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். 1960-இல் 'பாதை தெரியுது பார்'. இடதுசாரித் தோழர்கள் சேர்ந்து எடுத்த படம். இசை எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' இதில்தான். இயக்கம் நிமாய் கோஷ்.

(சத்யஜித் ராயைக் கூடவே இருந்து போட்டோ எடுத்த நிமாய் கோஷ் என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வேறு ஆள். இவர் கேமராமேன், 1950-இல் வங்காளத்தில் அகதிகளைப் பற்றிச் 'சின்னமூல்' எடுத்தவர், பிறகு சென்னைக்கு வந்து இங்கேயே இருந்து, திரைத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியவர்களில் ஒருவர்.)

சின்னமூலில் நடித்தவர்களில் ஒருவர் ரித்விக் கட்டக். அந்த கட்டக்கின் மாணவர் ஜான். நிமாய் கோஷுக்கு இசை போட்ட எம்.பி.எஸ்., ஜானின் படத்தில் கழுதை வளர்க்கிறார். இவர்களையெல்லாம் தனித்தனித் தீவாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 13

பி. லெனினை விட்டுவிட்டீர்களே என்கிறார் மதுரைக்காரர். ஞாயம். இயக்குநர் பீம்சிங்கின் மகன், பெரிய பட்ஜெட் படங்களின் எடிட்டர். வி.டி. விஜயனோடு சேர்ந்து 'காதலன்' படத்துக்குத் தேசிய விருது. அதே ஆள் 1992-இல் 'நாக் அவுட்' என்ற குறும்படம் எடுத்தார், ஜெயகாந்தன் கதையை 'ஊருக்கு நூறு பேர்' என்று எடுத்து 2001-க்கான சிறந்த இயக்குநர் தேசிய விருதும் வாங்கினார்.

இவர் வழி வேறு. பகலில் அடுத்தவர் படத்தை வெட்டுவது, சொந்தப் படத்துக்கு யாரிடமும் அடிமைப்படாமல் இருப்பது. என் மாதிரி ஆட்களுக்கு இதுதான் சாத்தியம். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மாலை மாற்றும் காட்சிக்கு இதய வடிவ டிரான்சிஷன் போட்டுக்கொண்டே என் குளத்துப் படத்தை ஓரமாக வைத்து எடிட் செய்தேன். ஒருநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய பென் டிரைவில் குளத்தில் கழிவு கலக்கும் காட்சியும் சேர்ந்து போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா போன் பண்ணி "இது எந்த மண்டபம்?" என்றார்.

ஜூன் 15

சரி, குடிக்கதை. பத்து நாளாக ஒதுக்கிவைத்ததைக் கேட்டவர் கண்டுபிடித்துவிட்டார்.

1987 மே 31, கோழிக்கோடு. மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. குடித்திருந்தார். அதை மறைத்துப் புண்ணியமில்லை. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் முக்கால்வாசி குடித்துவிட்டுச் செய்தவை, சொல்பவர்களும் ரசித்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த ரசனையில்தான் கசப்பு. எங்கள் யூனிட்டில் திறமையான ஒரு அசோசியேட் டைரக்டர் இருந்தார். இரவு எட்டு மணிக்கு மேல் அவரிடம் பேச முடியாது. "ஜான் மாதிரிடா அவரு" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர் கடைசி வரை ஒரு ஷாட்டும் சொந்தமாக வைக்காமலே போய்ச் சேர்ந்தார். ஜான் படம் எடுத்தது குடித்ததால் அல்ல, குடித்தும் நாலு எடுத்தார், இன்னும் நாலு எடுத்திருக்கலாம்.

அதனால் கேட்டவருடைய சந்தேகத்தில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். அந்த பில்டப்பைக் கழித்துவிடுங்கள். கழித்தபின் மிஞ்சுவதைத்தான் இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 18

ஒடேசா முறையை ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று இரண்டு நாளாக அரிப்பு. எல்லோருடைய காசிலும் எடுத்த படம் எல்லோருக்கும் சொந்தம், நல்லது. ஆனால் நெகட்டிவைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது யார்? வாடகை யார் கட்டுவது? எடுக்கும்போது கூட்டம் சேரும், பாதுகாக்கச் சேராது. எங்கள் குளத்துப் படத்தின் மூலக் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அதை எந்த நண்பன் வீட்டில் வைத்தோம் என்று இப்போது இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

தயாரிப்பாளர் இருந்தாலும் இதே கதிதான், கழுதையைப் பாருங்கள். நான் பார்த்த பிரதிகள் எல்லாமே வெளிறிப்போனவை. வெயிலில் நிற்கும் கழுதையும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே வெள்ளையில் கரைந்துவிடுகின்றன. ராமச்சந்திர பாபு அப்படியா எடுத்திருப்பார்?

ஜூன் 19

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டவரே கேட்கிறார், ஆச்சரியம். கழுதையிலிருந்து வேண்டாம், மங்கிய பிரதியில் எரிச்சல்தான் வரும். செறியாச்சனை முதலில் பாருங்கள். அம்ம அறியானைத் தனியாகப் பார்க்காதீர்கள், நாலு பேரைக் கூட்டிவைத்துப் பாருங்கள். இடம் கிடைத்தால் சொல்லுங்கள், புரொஜக்டர் என்னிடம் இருக்கிறது. ஐப்பசி, தை முகூர்த்த நாள் தவிர எப்போது வேண்டுமானாலும் வருவேன்.